பசுமை மின்சாரத்தின் நீதிக் கணக்கு

நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள ஃபோசன் தீபகற்பத்தில் சாமிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகத் துருவ மான்களை மேய்த்து வாழ்கிறார்கள். குளிர்காலத்தில் அந்த மான்கள் மேயும் குன்றுகளின்மேல் 151 காற்றாலைகள் நிறுவப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2021 அக்டோபர் 11 அன்று பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சிறுபான்மையினர் தம் பண்பாட்டைப் பேணும் உரிமையை உறுதிசெய்யும் ஐ.நா. உடன்படிக்கையின் 27ஆம் பிரிவை இந்தத் திட்டம் மீறுகிறது, வழங்கிய உரிமங்கள் செல்லாது என்பது அதன் சாரம்.

தீர்ப்பு வந்த பிறகும் காற்றாலைகள் சுழன்றுகொண்டே இருந்தன. ஓராண்டுக்கும் மேல் பொறுத்துப் பார்த்த சாமி இளைஞர்கள் 2023 பிப்ரவரியில் ஆஸ்லோ நகரில் எரிசக்தி அமைச்சகத்தின் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். அவர்களோடு கிரேட்டா துன்பர்க்கும் உட்கார்ந்தார். புவி சூடாவதைத் தடுக்கச் சொல்லிப் பள்ளியைப் புறக்கணித்துப் போராடத் தொடங்கியவர், காற்றாலைக்கு எதிரான வழக்கில் வென்றவர்களின் பக்கம் நின்றது பலரைத் திகைக்கவைத்தது. ஆனால் அவர் நின்ற இடம் சரியானது. காற்றிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும் என்ற கோரிக்கையும், அதற்காக ஒரு சமூகத்தின் வாழ்வாதாரத்தை அதன் சம்மதம் இல்லாமல் பறிக்கக் கூடாது என்ற கோரிக்கையும் ஒரே அறத்திலிருந்து பிறப்பவை.

நிலக்கரியையும் எண்ணெயையும் விட்டு உலகம் வெளியேறியாக வேண்டும். அதற்கான கருவிகள் இன்று கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றன. 2010-க்கும் 2020-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் மட்டும் சூரியத் தகடுகளின் விலை ஏறக்குறைய 90 சதவீதம் இறங்கியது. இனிப் பேச வேண்டியது, இந்த மாற்றத்தின் சுமை யார் தலையில் இறங்குகிறது, பலன் யார் கைக்குப் போகிறது, முடிவெடுக்கும்போது யாரைக் கேட்கிறார்கள் என்பவைதான். தாதுவைத் தோண்டும் குழியிலிருந்து, தகடு பதிக்கும் நிலம், மின்கட்டண ரசீது, காலாவதியான பேட்டரி சென்று சேரும் பட்டறை வரை ஒவ்வொரு கட்டத்திலும் இந்தக் கேள்விகள் எழுகின்றன.

பழைய பாக்கி

பசுமைத் தொழில்நுட்பத்தின் நியாயத்தைப் பேசுமுன் பருவநிலை மாற்றமே ஓர் அநீதி என்பதைப் பேச வேண்டும். தொழிற்புரட்சி தொடங்கி இன்றுவரை மனிதர்கள் வெளியேற்றிய கரியமில வாயுவில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அமெரிக்காவிலிருந்து மட்டும் வந்தது. ஓர் அமெரிக்கரின் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 14 டன் சேர்கிறது. ஓர் இந்தியரின் கணக்கில் சுமார் 2 டன். வெள்ளமும் வறட்சியும் இந்த விகிதத்தைப் பார்த்து வருவதில்லை.

இந்த வாதத்தை உலக அரங்கில் முதலில் உரக்கச் சொன்னவர்களில் இருவர் இந்தியர்கள். டெல்லியில் இயங்கும் அறிவியல், சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991இல் வெளியிட்ட சிறு நூலில், ஏழை விவசாயியின் நெல்வயலிலிருந்து எழும் மீத்தேனையும் பணக்கார நாட்டுக் காரின் புகையையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது அநியாயம் என்று வாதிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து அமெரிக்க அறவியல் அறிஞர் ஹென்றி ஷூ, உயிர்வாழ்வதற்கான உமிழ்வு வேறு, சொகுசுக்கான உமிழ்வு வேறு என்ற பாகுபாட்டைக் கோட்பாடாக வளர்த்தெடுத்தார். 1992இல் ரியோ நகரில் நாடுகள் கையெழுத்திட்ட பருவநிலை ஒப்பந்தத்தின் அடித்தளமும் அதுவே: பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு வேறு.

ஒப்பந்தத்தில் எழுதியது கஜானாவுக்கு வந்து சேர்வதற்குள் காலம் ஓடிவிட்டது. வளரும் நாடுகளுக்கு 2020-க்குள் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகள் 2009இல் கோபன்ஹேகனில் வாக்களித்தன. அந்த அளவை எட்டியது 2022இல்தான். அதிலும் பெரும்பகுதி திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். 2024இல் பாக்கூ மாநாட்டில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்ற புதிய இலக்கு வைக்கப்பட்டது. வளரும் நாடுகள் கேட்டிருந்தது 1.3 லட்சம் கோடி டாலர்.

தொழில்நுட்பத்தைப் பகிர்வதிலும் இதே கதைதான். உள்நாட்டில் சூரிய மின்கலத் தொழிலை வளர்க்க இந்தியா தன் தேசிய சூரியசக்தித் திட்டத்தில் உள்நாட்டுத் தயாரிப்புக்கு முன்னுரிமை கொடுத்தது. அமெரிக்கா 2013இல் உலக வர்த்தக அமைப்பில் புகார் செய்தது. 2016இல் இந்தியா தோற்றது. ஆறு ஆண்டுகள் கழித்து அமெரிக்கா இயற்றிய பணவீக்கக் குறைப்புச் சட்டம், உள்நாட்டுப் பொருட்களைப் பயன்படுத்தும் பசுமைத் திட்டங்களுக்குக் கூடுதல் வரிச்சலுகை தந்தது. ஏழை நாடு செய்தால் விதிமீறல், வல்லரசு செய்தால் தொழிற்கொள்கை என்ற நிலையில் பசுமைத் தொழில்களின் லாபம் ஏற்கெனவே பணம் இருக்கும் இடத்துக்கே போய்ச் சேரும்.

நாடுகளுக்கு நடுவே மட்டும் இந்த ஏற்றத்தாழ்வு இல்லை. 2019ஆம் ஆண்டின் உமிழ்வைக் கணக்கிட்ட ஆக்ஸ்ஃபாம், உலகின் மிகப் பணக்காரர்களான ஒரு சதவீதத்தினர் 16 சதவீத உமிழ்வுக்குக் காரணம் என்றது. உலக மக்களில் ஏழைகளான மூன்றில் இரண்டு பங்கினர் சேர்ந்து வெளியிட்டதும் அதே அளவு. வளரும் நாடுகளின் அரசுகள் உலக மேடையில் நியாயம் கேட்கும்போது, தங்கள் நாட்டுக்குள் அதே நியாயத்தைத் தருகிறோமா என்ற கேள்வியையும் சந்திக்க வேண்டும்.

தாதுவின் விலை

ஒரு மின்சாரக் காருக்குத் தேவைப்படும் கனிமங்கள் சாதாரணக் காருக்குத் தேவைப்படுவதைப்போல ஆறு மடங்கு என்று சர்வதேச எரிசக்தி முகமை 2021இல் கணக்கிட்டது. லித்தியம், கோபால்ட், நிக்கல், தாமிரம், அரிய மண் தனிமங்கள் ஆகியவை நிலத்தடியில் இருக்கின்றன. அந்த நிலத்தின்மேல் மனிதர்கள் இருக்கிறார்கள். இந்தக் கனிமங்களுக்கான சுரங்கத் திட்டங்களில் பாதிக்கும் மேற்பட்டவை பழங்குடியினரின் நிலத்திலோ அதற்கு அருகிலோ உள்ளன என்று 2022இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

உலகின் கோபால்ட்டில் ஏறக்குறைய 70 சதவீதம் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. கோல்வெசி நகரைச் சுற்றிய பெருஞ்சுரங்கங்களின் ஓரங்களில் ஆயிரக்கணக்கானோர் கைக்கருவிகளால் குழி தோண்டி, மூட்டை கட்டி, இடைத்தரகர்களிடம் விற்கிறார்கள். குழி சரிந்து சாகிறார்கள். சிறுவர்களும் அந்த வேலையில் இருப்பதை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2016இல் ஆவணப்படுத்தியபோது கைபேசி நிறுவனங்களும் கார் நிறுவனங்களும் தங்கள் கோபால்ட் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாமல் நின்றன. அவசரமாகச் சில நிறுவனங்கள் கைத்தோண்டல் கோபால்ட்டை வாங்க மாட்டோம் என்றன. அதனால் அந்தக் குடும்பங்களின் ஒரே வருமானமும் போகும். பாதுகாப்பான முறையில் தோண்டவும் நியாயமான விலைக்கு விற்கவும் வழிசெய்வதே அங்குள்ளவர்களுக்குப் பயன் தரும்.

சிலியின் அட்டகாமா உப்புப் பாலைவனத்தில் குறை வேறு. அங்கே நிலத்தடி உப்புநீரை இறைத்து, பரந்த குளங்களில் பல மாதங்கள் வெயிலில் காயவைத்து லித்தியத்தைப் பிரிக்கிறார்கள். பூமியின் மிக வறண்ட நிலங்களில் ஒன்று அது. உப்புநீரை இறைக்க இறைக்கச் சுற்றியுள்ள நன்னீர் ஊற்றுகளும், ஃபிளமிங்கோ பறவைகள் கூடும் ஏரிகளும் வற்றிவிடும் என்று லிக்கனன்டாய் பழங்குடியினர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள்.

இந்தோனேசியா 2020இல் நிக்கல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்து, உருக்காலைகளைத் தன் மண்ணுக்கு வரவழைத்தது. மூலப்பொருளை விற்றே ஏழையாக இருந்த நாடு மதிப்புக்கூட்டலை வீட்டுக்குள் கொண்டுவர முயல்வது நியாயமானது. ஆனால் மொரோவாலி போன்ற தொழிற்பேட்டைகளில் உருக்காலைகளுக்கான மின்சாரம் நிலக்கரியிலிருந்து வந்தது. துருப்பிடிக்காத எஃகுக்காக வளர்ந்த அந்தத் தொழில் இப்போது பேட்டரிக்கும் நிக்கல் தருகிறது. 2023 டிசம்பரில் மொரோவாலி உருக்காலை ஒன்றில் நேர்ந்த வெடிவிபத்தில் 21 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

இதே கேள்வி தமிழ்நாட்டின் தென்கோடியிலும் இருக்கிறது. காற்றாலைகளிலும் மின்வாகன மோட்டார்களிலும் உள்ள வலிமையான காந்தங்களுக்கு நியோடிமியம் போன்ற அரிய மண் தனிமங்கள் வேண்டும். அவை மோனசைட் தாதுவில் இருக்கின்றன. மோனசைட் கன்னியாகுமரிக் கடற்கரையின் தாது மணலில் இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் பல பத்தாண்டுகளாக மணல் ஆலை இயங்குகிறது. கிள்ளியூர் வட்டத்தில் மேலும் 1,144 ஹெக்டேரில் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது கரையோர ஊர்கள் கொதித்தெழுந்தன. மோனசைட்டில் தோரியமும் கலந்திருக்கிறது. கதிர்வீச்சு, புற்றுநோய், கடலரிப்பு என்று மீனவ மக்கள் அடுக்கும் அச்சங்கள் நேற்று முளைத்தவை அல்ல.

2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் உலகெங்கும் மாற்று மூலங்களைத் தேடும் வேகம் கூடியது. அந்த ஆண்டு செப்டம்பரில் இந்திய ஒன்றிய அரசு, அணுக் கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் எடுக்கும் சுரங்கத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று அறிவித்தது. அவசரம் புரிகிறது. ஆனால் கருத்துக்கேட்புக் கூட்டம் என்பது ஒரு மீனவப் பெண் ஒலிவாங்கிமுன் நின்று தன் அச்சத்தை அரசின் ஏட்டில் பதிவுசெய்யக் கிடைக்கும் அநேகமாக ஒரே வாய்ப்பு. அதை எடுத்துவிட்டால் அவருக்கு எஞ்சுவது தெருவும் நீதிமன்றமும்தான்.

இதைப் படிப்பவருக்கு நிலக்கரியே மேல் என்று தோன்றினால் அது பெரும் பிழை. உலகம் ஆண்டுக்கு 800 கோடி டன்னுக்கும் மேல் நிலக்கரியைத் தோண்டி எடுக்கிறது. அதன் பக்கத்தில் பசுமைத் தொழில்நுட்பக் கனிமங்களின் எடை மிகச் சிறியது. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகத்தைச் சாம்பல் மேடாக்கியது அனல்மின் நிலையக் கழிவு. நெய்வேலி சுரங்க விரிவாக்கப் பணிக்காக 2023 ஜூலையில் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிர்மேல் இயந்திரங்கள் இறங்கின. நிலக்கரியை எரித்தால் அது தீர்ந்துபோகும், மறுநாளுக்கு மறுபடி தோண்ட வேண்டும். பேட்டரியில் உள்ள உலோகத்தைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தலாம்.

தொழில்நுட்பத்தின் வடிவமும் மாறக்கூடியதே. கோபால்ட்டும் நிக்கலும் தேவைப்படாத லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் இன்று உலக மின்கார் சந்தையில் ஏறக்குறைய பாதியைப் பிடித்துவிட்டன. மலிவு என்பது ஒரு காரணம். காங்கோவைப் பற்றிய கேள்விகளும் நிறுவனங்களை அந்தத் திசையில் தள்ளின. நகரப் பேருந்தில் நாற்பது பேரை ஏற்றிச் செல்லும் பேட்டரிக்கும், ஒருவரைச் சுமக்கும் இரண்டரை டன் சொகுசு வண்டியின் பேட்டரிக்கும் தேவைப்படும் கனிமத்தைத் தலைக்கு வகுத்துப் பார்த்தால், எதற்கு மானியம் தருவது என்ற கேள்விக்கு விடை எளிது.

நிலத்தில் யார் இருந்தார்கள்?

சூரியத் தகடுக்கும் காற்றாலைக்கும் பரந்த நிலம் தேவை. திட்ட வரைபடத்தில் அந்த நிலத்துக்குப் பெரும்பாலும் ஒரே பெயர்: தரிசு. ஆனால் தரிசு என்று குறிக்கப்படும் இடத்தில் ஆடு மேயும், விறகு பொறுக்குவார்கள், மழை பெய்த ஆண்டில் ஒரு போகம் விதைப்பார்கள். அவர்களிடம் பட்டா இருக்காது.

கென்யாவின் வடக்கே துர்க்கானா ஏரிக்கு அருகில் 365 காற்றாலைகள் கொண்ட 310 மெகாவாட் பண்ணை இருக்கிறது. ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று. அதற்காக ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 1,50,000 ஏக்கர். காற்றாலைகள் நிற்பது அதில் ஒரு சிறு துண்டில். ரெண்டில்லே, சம்புரு முதலிய மேய்ச்சல் சமூகங்களின் பொது நிலம் சட்டப்படி கைமாற்றப்படவில்லை என்று 2021இல் கென்ய நீதிமன்றம் கூறியது.

ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. உலகில் சுமார் 150 மட்டுமே எஞ்சியிருக்கும் கானமயில்கள் பறக்கும் வழியில் சூரிய, காற்று மின்நிலையங்களின் உயரழுத்தக் கம்பிகள் குறுக்கிட்டன. முன்னால் இருப்பதைச் சரியாகப் பார்க்கும் கண்ணமைப்பு அந்தப் பெரிய பறவைக்கு இல்லை. கம்பியில் மோதிச் சாகிறது. கம்பிகளை நிலத்தடியில் கொண்டுபோகும்படி 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச் 21 அன்று அந்த உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்த தீர்ப்பிலேயே, பருவநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படுவது அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகள் வழங்கும் உரிமை என்றும் நீதிமன்றம் அறிவித்தது. இந்தியச் சட்ட வரலாற்றில் அது பெரிய அடி. அதே ஜெய்சல்மேர் பகுதியில் ஓரண் எனப்படும் கோயில்காடுகள் அரசு ஏட்டில் தரிசாகப் பதிவாகி மின்திட்டங்களுக்குப் போவதை எதிர்த்து மேய்ப்பர்கள் நடையாய் நடக்கிறார்கள். அவர்களது வழக்கும் அந்த உரிமையின் வெளிச்சத்தில் பார்க்கப்பட வேண்டியது.

கர்நாடகத்தின் பாவகடா சூரியப் பூங்கா ஒரு நல்ல முயற்சியாகத் தொடங்கியது. அடிக்கடி வறட்சி தாக்கும் தும்கூர் மாவட்டத்தில் ஐந்து ஊர்களின் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் மின்சாரம். அரசு நிலத்தைப் பறிக்கவில்லை. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் குத்தகை, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு என்று விவசாயிகளோடு ஒப்பந்தம் போட்டது. மழை பொய்த்த மண்ணுக்கு நிலையான வருமானம் வந்தது. ஆனால் அந்தக் குத்தகைப் பணம் நிலம் வைத்திருந்தவருக்கு மட்டும்தான். அந்த வயல்களில் கூலிக்குக் களையெடுத்த, கதிரறுத்த நிலமற்ற குடும்பங்களுக்கு வேலை போனது. கட்டுமானம் முடிந்தபின் தகடு துடைக்கவும் காவல் காக்கவும் சிலர் போதும். ஒப்பந்தம் நேர்மையானதாக இருந்தும், மேசைக்கு அழைக்கப்படாதவர்கள் இழப்பை மட்டும் பெற்றார்கள். அந்த நிலமற்றவர்களில் பெரும்பாலோர் தலித்துகள்.

இலங்கையின் மன்னார்த் தீவில் தமிழ் மீனவர்களும் விவசாயிகளும் இதே கேள்வியை எழுப்புகிறார்கள். 2020 டிசம்பரில் அங்கே 100 மெகாவாட் தம்பபவனி காற்றாலைப் பண்ணை திறக்கப்பட்டது. அடுத்து மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் திட்டத்துக்கு அதானி குழுமம் முன்வந்தது. மத்திய ஆசிய வலசைப் பாதையில் லட்சக்கணக்கான பறவைகள் வந்திறங்கும் தீவு அது. சூழலியல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. யூனிட் விலையைப் புதிய அரசு மறுபரிசீலனை செய்தபோது 2025 பிப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. ஆனால் அதே ஆண்டில் வேறு காற்றாலைகளுக்கான வேலை தொடங்கியதும் மன்னார் மக்கள் மீண்டும் தெருவுக்கு வந்தார்கள். தாழ்வான தீவில் சாலைகளும் அடித்தளங்களும் மழைநீரின் போக்கை மறித்து ஊரை வெள்ளத்தில் நிறுத்துகின்றன என்பது அவர்களின் முதல் புகார். பல பத்தாண்டுப் போரையும் இடப்பெயர்வையும் கடந்து தம் மண்ணுக்குத் திரும்பியவர்கள், கொழும்பில் வரையப்பட்ட திட்டத்தைச் சந்தேகத்தோடு பார்ப்பதில் வியப்பில்லை.

இந்தியாவில் இந்தச் சந்தேகத்தைத் தீர்க்கச் சட்ட வழி மிகக் குறைவு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் சூரியத் தகடுத் திட்டங்களும் காற்றாலைகளும் இல்லை. ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் சுமார் 2,500 ஏக்கரில் எழுந்த 648 மெகாவாட் நிலையம் அப்போது உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. அவ்வளவு பெரிய திட்டத்துக்கும்கூட ஊர் மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்கச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சிறு திட்டங்களுக்கு விலக்கு தரலாம். ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு அதே விலக்கு பொருந்தாது.

ரசீதும் வேலையும்

சூரிய ஒளி இலவசம், ஆனால் அதைப் பிடிக்கக் கூரை வேண்டும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளின் கூரைகளில் தகடு பதிக்க இலக்கு வைத்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. சொந்த வீடும், மீதிச் செலவைப் போடச் சேமிப்போ கடன் வாங்கும் தகுதியோ உள்ளவருக்கு அது பெரிய உதவி. சென்னையின் ஒண்டுக்குடித்தனத்தில் வாடகைக்கு இருப்பவருக்கும், ஓட்டு வீட்டில் வாழ்பவருக்கும் அது எட்டாது. பொதுப் பணம் வசதியுள்ள கூரைகளைத் தேடிப் போகும்போது, கூரை இல்லாதவர்களுக்கான பங்கைத் தனியே ஒதுக்க வேண்டும். ஊராட்சிக் கட்டடத்தின் மேலோ குடிசைமாற்றுக் குடியிருப்பின் மொட்டைமாடியிலோ பொதுத் தகடு அமைத்து, அதன் யூனிட்டுகளைக் குடியிருப்போர் கணக்கில் கழிப்பது கடினமான பொறியியல் அல்ல.

ஜெர்மனி இந்தப் பாடத்தைச் செலவு செய்தே கற்றது. பசுமை மின்சாரத்துக்கான மானியத்தை அது நுகர்வோரின் மின்கட்டணத்தில் கூடுதல் தொகையாக வசூலித்தது. பெருந்தொழில்கள் பலவற்றுக்குச் சலுகை, சிறு குடும்பங்களுக்கு முழுச் சுமை. 2022இல் அந்தத் தொகையை நீக்கிவிட்டுச் செலவை அரசு நிதிக்கு மாற்றியது. பிரான்சில் 2018இல் எரிபொருள் வரியை உயர்த்தியபோது, காரைத் தவிர வேறு போக்குவரத்து இல்லாத சிற்றூர்க்காரர்கள் மஞ்சள் அங்கி அணிந்து சாலைகளை மறித்தார்கள்; அரசு பின்வாங்கியது. நியாயமில்லாத பருவநிலைக் கொள்கை அரசியலிலும் நிலைக்காது.

நிலக்கரியை நம்பி வாழ்பவர்களின் கணக்கும் இருக்கிறது. தொழிலாளர்களைக் கைவிடாத மாற்றம் வேண்டும் என்ற கருத்தை வளர்த்ததில் அமெரிக்கத் தொழிற்சங்கத் தலைவர் டோனி மஸோக்கிக்கு முக்கியப் பங்குண்டு. 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்த முன்னுரையில் அந்தக் கருத்து இடம்பெற்றது. ஜெர்மனி 2038-க்குள் நிலக்கரியை விடுவதற்கான சட்டத்தோடு சேர்த்து, நிலக்கரிப் பகுதிகளின் மறுவாழ்வுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. தென்னாப்பிரிக்காவுக்கு 2021இல் பணக்கார நாடுகள் அறிவித்த உதவி 850 கோடி டாலர், பெரும்பகுதி கடன். 2022 அக்டோபரில் அங்கே கொமாட்டி அனல்மின் நிலையம் நின்றபோது, அதைச் சுற்றிய ஊரின் பிழைப்புக்கு மாற்று இன்னும் தயாராகவில்லை. ஜார்க்கண்டின் சுரங்க ஊர்களுக்கும் நெய்வேலிக்கும் அந்த நாள் ஒருநாள் வரும். சைக்கிளில் நிலக்கரி மூட்டை தள்ளிப் பிழைப்பவரின் பெயர் எந்தச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. இழப்பீட்டுத் திட்டம் அவரில் தொடங்க வேண்டும்.

மிஞ்சும் குப்பை

வட இந்திய நகரங்களில் மின்ரிக்‌ஷாக்கள் லட்சக்கணக்கில் ஓடுகின்றன. பெரும்பாலானவற்றில் இருப்பது ஈய-அமில பேட்டரி. ஓரிரு ஆண்டில் செயலிழக்கும் அந்த பேட்டரிகளில் பல, முறைசாராப் பட்டறைகளில் உடைக்கப்பட்டு, திறந்த உலையில் ஈயம் உருக்கப்படுகிறது. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில், அதாவது 80 கோடி வரையிலான குழந்தைகளிடம், கவலைக்குரிய அளவில் ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் எச்சரித்தது. இந்தியாவில் மட்டும் அது ஏறக்குறைய 27.5 கோடி. முறையற்ற பேட்டரி மறுசுழற்சி அதன் முதன்மைக் காரணங்களில் ஒன்று. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியை நிரந்தரமாகப் பாதிக்கும். புகையில்லாத வண்டி ஓடும் நகரத்தின் விளிம்பில் ஒரு குழந்தை அந்த விலையைக் கொடுக்கிறது.

சூரியத் தகடுகளின் ஆயுள் சுமார் 25 ஆண்டு. 2050-க்குள் உலகில் 7.8 கோடி டன் வரை தகட்டுக் கழிவு சேரலாம் என்று 2016இலேயே மதிப்பிடப்பட்டது. இந்தியாவின் 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள் தகடுகளையும் சேர்த்துக்கொண்டன. அதே ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளும் வந்தன. விற்றவரே திரும்பப் பெற வேண்டும் என்ற கொள்கை ஏட்டில் இருக்கிறது. காயலான் கடையில் எடைக்கு வாங்குபவர் முறையான நிறுவனத்தைவிட அதிக விலை தரும் வரை பொருள் அவரிடமே போகும். அவரைக் குற்றவாளியாக்காமல், பயிற்சியும் பாதுகாப்புக் கருவிகளும் கொடுத்து முறையான சங்கிலிக்குள் கொண்டுவருவதே வழி.

யாரைக் கேட்டு?

வானில் நுண்துகள்களைத் தூவிச் சூரிய ஒளியின் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பிப் புவியைக் குளிர்விக்கும் யோசனை ஆய்வகங்களில் இருக்கிறது. அது மழைப்பொழிவைக் குலைக்கக்கூடும். பருவமழையை நம்பி உழும் தெற்காசியாவுக்கு அது வாழ்வா சாவா என்ற பிரச்சினை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2021இல் ஸ்வீடனின் கிரூனாவில் ஒரு பலூன் கருவியைச் சோதிக்க முற்பட்டார்கள். அந்தச் சோதனையில் துகள் எதுவும் தூவப்படவிருக்கவில்லை. இருந்தும் தங்களைக் கேட்காமல் எப்படி என்று சாமி மன்றம் எதிர்த்தது. சோதனை நின்றது, 2024இல் திட்டமே கைவிடப்பட்டது. எல்லோர் தலைக்கும் மேலுள்ள வானத்தை மாற்ற எந்த அரசுக்கு, எந்த நிறுவனத்துக்கு அதிகாரம் உண்டு என்பதற்கு இன்னும் உலகச் சட்டம் இல்லை. சட்டம் வரும்வரை களச் சோதனைகளை நிறுத்திவைப்பதே பொறுப்பான செயல்.

கேட்டுச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2000இல் கோபன்ஹேகன் கடலில் எழுந்த மிடில்கிரண்டன் பண்ணையின் 20 காற்றாலைகளில் பாதி, 8,000-க்கும் மேற்பட்ட குடிமக்கள் சேர்ந்த கூட்டுறவின் சொத்து. டென்மார்க் பிறகு 2008இல், புதிய காற்றாலைத் திட்டங்களில் 20 சதவீதப் பங்கை உள்ளூர்வாசிகளுக்கு வழங்க முன்வர வேண்டும் என்று சட்டமே செய்தது. வங்கதேசத்தில் 2003இல் தொடங்கிய வீட்டுச் சூரிய விளக்குத் திட்டம், தவணைக் கடனில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், சுமார் இரண்டு கோடிப் பேருக்கு வெளிச்சம் தந்தது. உலகில் 2022இல் 68.5 கோடிப் பேருக்கு மின்சாரமே இல்லாத நிலையில், பசுமைத் தொழில்நுட்பம் யாரை முதலில் சென்றடைய வேண்டும் என்பதற்கு அது நல்ல பதில்.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறை ஊராட்சி 2006இல் தன் சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சொந்தமாக வாங்கியது. தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்று வருமானம் பார்த்தது. நாட்டின் காற்றாலை மின்சாரத்தில் முன்னணியில் நிற்கும் தமிழ்நாட்டில் அந்த முன்மாதிரி நூற்றுக்கணக்கான ஊராட்சிகளுக்குப் பரவியிருக்க வேண்டும். நார்வேயிலும் நீண்ட பேச்சுக்குப் பின் 2023 டிசம்பரிலும் 2024 மார்ச்சிலும் ஃபோசன் சாமிகளோடு உடன்பாடு ஏற்பட்டது: மாற்றுக் குளிர்கால மேய்ச்சல் நிலம், ஆண்டுதோறும் ஒரு தொகை, உரிமக் காலம் முடிந்தபின் திட்டத்தை நீட்டிப்பதில் மறுக்கும் அதிகாரம். கட்டுமுன் பேசியிருந்தால் ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறியிருக்க வேண்டாம்.

இந்தியா 2030-க்குள் 500 கிகாவாட் புதைபடிவமற்ற மின்திறனை எட்ட இலக்கு வைத்திருக்கிறது. 2025இன் நடுவில் நாட்டின் மின் உற்பத்தித் திறனில் பாதி அந்த வகைக்கு வந்துவிட்டது. இந்த வேகம் நல்லது. அது நிலைக்க நான்கு விதிகள் தேவை. குறிப்பிட்ட பரப்பளவுக்கு மேற்பட்ட சூரிய, காற்றாலைத் திட்டங்களுக்குக் கிராமசபை விவாதமும் சமூகத் தாக்க ஆய்வும் கட்டாயமாக்கப்பட வேண்டும். முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்குக் கருத்துக்கேட்பு திரும்ப வர வேண்டும். விற்கும் ஒவ்வொரு யூனிட்டிலும் ஒரு சிறு பங்கு ஊராட்சிக்குப் போக வேண்டும், அதில் நிலமற்றவர்களுக்கான பகுதி தனியே குறிக்கப்பட வேண்டும். ஆயுள் முடிந்த தகடுகளையும் பேட்டரிகளையும் அகற்றும் செலவைத் திட்டம் தொடங்கும்போதே வைப்புத்தொகையாகக் கட்டவைக்க வேண்டும்.

இவற்றைச் செயல்படுத்திக்காட்டத் தமிழ்நாட்டுக் கடலிலேயே வாய்ப்பு இருக்கிறது. குஜராத்திலும் தமிழ்நாட்டிலும் தலா 500 மெகாவாட் கடல் காற்றாலைகளுக்கு உதவ 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தென்தமிழகக் கடலில் காற்றின் வேகம் நாட்டிலேயே சிறந்தவற்றுள் ஒன்று. அதே நீரில்தான் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களின் மீனவர்கள் வலை வீசுகிறார்கள். தூண்களுக்கு இடையே கட்டுமரமும் விசைப்படகும் போகலாமா, கடலடிக் கேபிள் எந்தப் பாரின் மேல் போகிறது, கட்டுமான மாதங்களில் தொழிலுக்குப் போக முடியாத குடும்பத்துக்கு நாளொன்றுக்கு என்ன தொகை, விற்கும் மின்சாரத்தில் கரையோர ஊர்களுக்கு எத்தனை சதவீதம் என்பவை அவர்கள் கேட்கவிருக்கும் கேள்விகள். பதில்கள் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே எழுதப்பட வேண்டும். அதை எழுதும் மேசையில் மீனவர் சங்கங்களுக்கும், மீன் விற்கும் பெண்களின் அமைப்புகளுக்கும் இடம் வேண்டும்.